பிடிங்டன் துரையும் கானிங் துறைமுகமும்

'சைக்ளோன்' என்ற சொல் எந்த ஊரில் பிறந்தது தெரியுமா? லண்டனும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. சாட்சாத் நம்ம கல்கத்தாதான். பாம்பு சுருண்டு கிடப்பது போலக் காற்று சுற்றுகிறது என்று கிரேக்க மொழியிலிருந்து ஒரு சொல்லை உருவி 1848-ல் புத்தகத்தில் போட்டவர் ஹென்றி பிடிங்டன். இங்கே பல வருடம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில்கூட இவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. அதனால்தான் எழுதத் தோன்றியது.

பிடிங்டன் விஞ்ஞானி என்று பட்டம் வாங்கியவர் அல்ல. கப்பல் ஓட்டிப் பிழைத்தவர். பிறகு கல்கத்தாவில் தங்கி, கப்பல் விபத்துகளை விசாரிக்கும் மன்றத்துக்குத் தலைவரானார். அந்த வேலையில் கப்பல்களின் லாக் புத்தகங்கள் கைக்கு வரும். எத்தனை மணிக்குக் காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது, பாரமானி எவ்வளவு இறங்கியது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். ஒரே புயலில் சிக்கிய பல கப்பல்களின் பதிவுகளை எடுத்து, வரைபடத்தில் நாள்வாரியாகக் குறித்துக்கொண்டே போனார். எங்கள் பாஷையில் சொன்னால் பல கிளைகளின் லெட்ஜரை ஒன்றாக வைத்து ரீகன்சைல் செய்கிற மாதிரி! எல்லாம் பொருந்தி வந்தபோது, நம் பக்கத்துப் புயல் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டே நகர்கிறது என்பது தெளிவானது. வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில் 1839 முதல் வரிசையாக இதைக் கட்டுரைகளாக எழுதினார். மாலுமிகளுக்கென்று எழுதிய புத்தகத்தோடு, கொம்பில் செய்த மெல்லிய கண்ணாடி போன்ற தகடும் உண்டு. அதில் காற்று வட்டம் அச்சிட்டிருக்கும். கடல் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால் புயலின் மையம் எந்தப் பக்கம், எந்தப் பக்கம் தப்பலாம் என்று தெரிந்துவிடும்.

ஆனால் அவருக்குக் காற்றை விடத் தண்ணீர் மேல்தான் பயம். 1789-ல் ஆந்திரக் கரையில், இன்றைய காக்கிநாடா பக்கம் உள்ள கொரிங்கா என்ற துறைமுக ஊரைப் புயலோடு வந்த கடல் அழித்த கதையை அவர் படித்திருந்தார்.

இந்தத் தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புயல் என்றால் மரம் விழும், கூரை பறக்கும் என்றுதான் நினைக்கிறோம். கடலோரத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் காற்றல்ல. புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைவதால் கடல் மட்டம் கொஞ்சம் உயரும். ஒரு மில்லிபாருக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், அவ்வளவுதான். மீதி வேலையைச் செய்வது காற்று. பல மணி நேரம் ஒரே பக்கமாகத் தண்ணீரைக் கரை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆழமான கடலாக இருந்தால் அடியில் திரும்பிப் போய்விடும். வங்காள விரிகுடாவின் தலைப்பகுதியோ ஆழம் குறைந்தது, போதாததற்குப் புனல் மாதிரி குறுகிக்கொண்டே வருகிறது. தண்ணீர் போக இடமில்லாமல் ஆறுகளுக்குள் ஏறும். அந்த நேரம் பார்த்து ஏற்றமும் சேர்ந்துகொண்டால் தீர்ந்தது கதை.

சரி, துறைமுகத்துக்கு வருவோம். 1850-களில் கல்கத்தா வியாபாரிகளுக்கு ஒரு கவலை. ஹூக்ளி ஆற்றில் மணல் சேர்ந்துகொண்டே போகிறது, ஒருநாள் கப்பலே வராமல் போய்விடும் என்று. தென்கிழக்கே மாத்லா என்று ஒரு அகலமான ஆறு. ஆழம் நிறைய, கடலும் பக்கம். அங்கே புதுத் துறைமுகம் கட்டலாம் என்று முடிவாகியது. வங்காளியில் 'மாத்லா' என்றால் வெறி பிடித்தது, போதை ஏறியது என்று அர்த்தம். நம்முடைய 'மத்தம்' இருக்கிறதே, அதே வேர். பெயர் வைத்த உள்ளூர்க்காரன் காரணமில்லாமலா வைத்திருப்பான்?

1853-ல் பிடிங்டன் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு நீண்ட கடிதம் எழுதி அச்சிட்டும் வெளியிட்டார். இந்த இடம் வேண்டாம், ஒரு புயல் நாளில் கடல் உப்புத் தண்ணீர் திரண்டு உருண்டு வரும், குடியிருப்பு முழுவதும் 5 முதல் 15 அடி வரை மூழ்கும் என்பதுதான் சாரம். யார் கேட்டார்கள்? அவர் 1858-ல் கல்கத்தாவிலேயே இறந்துபோனார். துறைமுகத்துக்குக் கானிங் பிரபுவின் பெயர் வைத்து, 1860-களின் தொடக்கத்தில் ரயிலும் போட்டுவிட்டார்கள்.

1864 அக்டோபர் 5-ம் தேதி ஒரு பெரும் புயல் ஹூக்ளி முகத்துவாரத்தில் ஏறியது. கல்கத்தாத் துறைமுகத்தில் நின்ற ஏறக்குறைய 200 கப்பல்களில் சேதமில்லாமல் தப்பியவை மிகச் சில. செத்தவர்கள் 50,000 முதல் 60,000 என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. (1737 புயலில் கல்கத்தாவில் 3 லட்சம் பேர் என்று பல புத்தகங்களில் இருக்கும். ஊரின் மக்கள்தொகையே அவ்வளவு கிடையாது. கணக்கு உதைக்கிறது, நம்பாதீர்கள்.) 1864-ல் இறந்தவர்கள் பெரும்பாலும் நகரத்துக்காரர்கள் அல்ல, ஆற்றின் கீழ்ப்பகுதியில் இரு கரையிலும் இருந்த விவசாயிகள், உப்புக் காய்ச்சியவர்கள், மீனவர்கள். கப்பல்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயரோடு பட்டியல் போட்டார்கள். இவர்களுக்கு உத்தேசத் தொகைதான். அடுத்த மாதமே, அன்றைய சென்னை ராஜதானியில் இருந்த மசூலிப்பட்டினத்திலும் கடல் ஏறிப் பல்லாயிரம் பேர் போனார்கள்.

இவ்வளவு நடந்த பிறகாவது யோசித்தார்களா? 1865-ல் கானிங் துறைமுகத்துக்குக் கம்பெனி ஆரம்பித்துப் பங்கு விற்றார்கள்! அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்திப் பணம் பம்பாயில் புரண்ட காலம். கடலை மேடாக்கும் பேக் பே பங்குக்கும் கானிங் பங்குக்கும் அங்கே அடிதடி. போர் முடிந்தது, 1865 ஜூலையில் சந்தை சரிந்தது. கையில் காகிதம்தான் மிஞ்சியது. அந்தச் சரிவில் அடிபட்ட பாங்க் ஆஃப் பாம்பே 1868-ல் கலைக்கப்பட்டு, அதே பெயரில் புதிதாக ஆரம்பிக்க வேண்டி வந்தது. மாத்லா ஆற்றங்கரையை நேரில் பார்த்த பங்குதாரர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? எந்தக் காலத்திலும் ப்ராஸ்பெக்டஸ் படிக்கிறவர்கள் குறைவுதான்.

1867 நவம்பர் 1-ம் தேதி பிடிங்டன் சொன்னது நடந்தது. 1864-ஓடு ஒப்பிட்டால் அது நடுத்தரப் புயல்தான், தண்ணீரும் சுமார் 6 அடி. அது போதுமானதாக இருந்தது. 1872 வாக்கில் துறைமுகத்தையே கைவிட்டார்கள். புயல் ஒன்றே காரணம் என்று கதைபோலச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அதற்கு முன்பே கப்பல்கள் எதிர்பார்த்த அளவு வரவில்லை, வரவு செலவு தேறவில்லை. ஹூக்ளியும் பயந்தபடி மூடிப்போகவில்லை. வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் கானிங் ஊரருகே மணல் மேடிட்டுப்போனது மாத்லாதான்.

1864-ஆல் விளைந்த ஒரே நல்லது எச்சரிக்கை ஏற்பாடு. கல்கத்தாத் துறைமுகத்துக்கு முதலில் வந்தது. பஞ்சங்களும் சேர்ந்து 1875-ல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. ஆனால் அந்த எச்சரிக்கை கப்பலுக்குத்தான். கிராமத்தானுக்குப் போய்ச்சேர நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1876-ல் பாகர்கஞ்சில் சுமார் 2 லட்சம் பேர், பாதிப்பேர் பிறகு வந்த காலராவிலும் பட்டினியிலும். 1970-ல் போலா புயலில் குறைந்தது 3 லட்சம். 1999-ல் ஒடிசாவில் சுமார் 10,000. அதே ஒடிசாவில் 2013-ல் ஃபைலின் வந்தபோது லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தியதால் சாவு ஐம்பதைத் தாண்டவில்லை. செயற்கைக்கோள் மட்டுமல்ல, புயல் காப்பகமும், வீடு வீடாகப் போய்க் கூப்பிட்ட ஆட்களும்தான் காரணம்.

உயிர் பிழைக்கிறது, நிலம் பிழைப்பதில்லை. 2009 மே 25-ல் அய்லா வந்தபோது சுந்தரவனத்தின் மண்கரைகள் உடைந்து வயல்களில் கடல் புகுந்தது. இந்தத் தீவுகளைச் சுற்றி சுமார் 3,500 கி.மீ. நீளத்துக்குக் கரை உண்டு. பல தீவுகளில் ஏற்றம் வரும்போது ஆற்றுமட்டம் வயலைவிட உயரம். குளத்து நீர் உப்பு, மீன் செத்து மிதக்கும், நெல் சில வருடம் முளைக்காது. அலையாத்திக் காடு (நம் பிச்சாவரத்தில், முத்துப்பேட்டையில் இருக்குமே, அது) அலையின் வேகத்தை ஓரளவு தாங்கும். காடு வெட்டிக் குடியேறிய தீவுகளில் அந்தத் தடுப்பு மெலிந்துவிட்டது. 2020 மே 20-ல் அம்பன் வந்தபோதும் இதே கதை.

துறைமுகத்துக்குப் போட்ட அந்த ரயில் பாதைதான் இன்றைக்கும் கானிங் லோக்கல். விடியற்காலையில் அதில் நின்றுகொண்டே வந்து கல்கத்தா வீடுகளில் பாத்திரம் தேய்க்கிற மாசிகளில் பலர் சுந்தரவனத்துக்காரர்கள். அய்லாவுக்குப் பிறகு அவர்கள் வீட்டு ஆண்கள் பலர் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் கட்டட வேலைக்குப் போனார்கள். நாம் லீவுக்கு ஊருக்குப் போகும் அதே சென்னை ரயிலின் முன்பதிவில்லாத பெட்டியில்.