துப்பாக்கி

துருக்கியில் 'துஃபெக்'. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'துபாகி'. தமிழுக்கு வந்ததும் பகரமும் ககரமும் இரட்டித்துத் 'துப்பாக்கி' ஆயிற்று. துப்பு என்றால் வலிமை. அதிலிருந்தே பிறந்தது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒலி ஒற்றுமைக்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

18ஆம் நூற்றாண்டுப் படைத் துப்பாக்கிக்குத் தீ கொடுத்தது சக்கிமுக்கிக் கல். அதுவும் துருக்கிச் சொல்தான்: 'சக்மக்'. கல்லைக் கவ்வி நிற்கும் உறுப்புக்குத் தமிழில் குதிரை என்று பெயர் (வைத்தவர் ரசிகர்!). விசையை இழுத்தால் குதிரை பாயும், கல் எஃகில் உரசும், பொறி மருந்தில் விழும். மழையில் மருந்து நனைந்தால் வெறும் தடி.

பட்டுக்குப் பேர்போன ஆரணி இந்தத் துப்பாக்கியின் சத்தத்தை இருமுறையாவது கேட்டிருக்கிறது. 1751இல் ஆங்கிலேயரான ராபர்ட் கிளைவின் படை இங்கே சண்டையிட்டது. 1782 ஜூனில் மைசூரின் ஹைதர் அலியும் ஆங்கிலேயப் படைத் தளபதி ஐர் கூட்டும் மோதினார்கள். கூட் அயர்லாந்தில் பிறந்தவர். அந்நாட்டில் இருந்த படைகளுக்காக டப்ளின் கோட்டையில் உருவான துப்பாக்கியும் இதே சக்கிமுக்கி வகை. குழல்வாய் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். எடை நாலரை கிலோ அளவில். பூட்டுத் தகட்டில் கோட்டையின் பெயர்.