அக்ரல் மெலனோமா

அக்ரல் மெலனோமா என்பது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தோன்றும் அரிய வகைத் தோல் புற்றுநோய் ஆகும். ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லி, கால்விரல் நகத்தடியில் தோன்றிய மெலனோமாவினால் 1981 ஆம் ஆண்டு இறந்தார்.

உயிரியல்

தோலுக்கு நிறம் தரும் மெலனினை உருவாக்கும் உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே மெலனோமா ஆகும். வெள்ளையரிடம் மிகுதியாகக் காணப்படும் வகைக்குச் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் முக்கியக் காரணமாகும். அக்ரல் வகைக்கு அவை முக்கியக் காரணமல்ல. எனவே கருமையான தோலும் இதிலிருந்து பாதுகாப்பு அளிப்பதில்லை. இந்தியரிடம் மெலனோமா அரிது எனினும், அதில் உள்ளங்காலில் தோன்றுபவை கணிசமானவை. கால் ஆணி அல்லது இரத்தக்கட்டு எனக் கருதிக் காலம் தாழ்த்துவதால், நோய் முற்றிய பின்னரே பலருக்குக் கண்டறியப்படுகிறது.

சிகிச்சை

தொடக்க நிலையில் அறுவை சிகிச்சையால் குணமாகக்கூடும். நோய் பரவிய நிலையில் மரபணுச் சோதனை செய்யப்படுகிறது. சிலரிடம் 'கிட்' என்னும் மரபணு மாற்றமடைந்து, உயிரணுவைப் பிரியுமாறு இடையறாது தூண்டுகிறது. இத்தூண்டலை இமாடினிப் என்னும் மாத்திரை தடுக்கிறது. எனினும் இம்மாற்றம் உள்ள அனைவருக்கும் இது பயனளிப்பதில்லை. பயன் பெற்றவர்களிடமும் நாளடைவில் மருந்தெதிர்ப்பு தோன்றலாம். நோயெதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளும் பயன்படுத்தப்படுகின்றன.

மருந்தின் காப்புரிமை

இமாடினிப் முதலில் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்டது. இதன் படிக வடிவத்திற்குக் காப்புரிமை கோரிய நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் விண்ணப்பத்தை, சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 இல் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று இந்திய உச்ச நீதிமன்றமும் காப்புரிமை வழங்க மறுத்தது. இதனால் இந்திய நிறுவனங்கள் இம்மருந்தைத் தொடர்ந்து குறைந்த விலையில் தயாரிக்க முடிந்தது.