குரல் அழைப்புக்கான விபிஎன் (ஐக்கிய அரபு அமீரகம்)

அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், படம் போகும். அழைப்பு மட்டும் பொதுவாகப் போகாது. இணையவழிக் குரல் சேவை அங்கே உரிமம் பெற்ற எதிசலாத், டு நிறுவனங்களின் கையில். ஊரிலுள்ள வீட்டாரிடம் பேச, தமிழ்த் தொழிலாளர்கள் உட்படப் பலர் விபிஎன்னை (மெய்நிகர் தனியார் வலையமைப்பை) நாடுவது இதனால்தான். கைபேசிக்கும் வெளிநாட்டு சர்வருக்கும் இடையே அது தரவை மறையாக்கி அனுப்புவதால், போவது குரல் என்று அழைப்பைத் தடுக்கும் வடிகட்டிக்கு எளிதில் பிடிபடாது. சர்வர் தொலைவில் இருந்தால் பேச்சு பிந்தும். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடியை வெகுவாகத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வார்கள். தரவை அனுப்பும் முறைகளில் டிசிபியைவிட யுடிபியே மேல். தொலைந்த தரவுப் பொட்டலத்துக்காக அது காத்திருக்காததால் குரல் திக்காது. விபிஎன்னைக் கொண்டு குற்றம் செய்தாலோ மறைத்தாலோ, அமீரகத்தின் 2016 சட்டத் திருத்தம் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் விதித்தது. போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளே வில்லங்கமில்லாதவை.