தண்டவாளத்துக்குக் கிடைத்த நட்டஈடு

ரயில்வேக்காரர்கள் எதையும் எளிதில் வீணாக்க மாட்டார்கள். தேய்ந்து கழற்றிய தண்டவாளத்தைத் துண்டு போட்டு, வேலிக்கம்பாக நட்டுவிடுவார்கள். கூடுவாஞ்சேரிப் பக்கம் பாதையோரமாக நடந்தால் அப்படி நிற்கும் துண்டுகளைப் பார்க்கலாம். பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்து மொத்தையாகிப் போன அந்த இரும்பின் இடுப்புப் பகுதியைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். புடைத்த எழுத்துகள் தட்டுப்படும். உருட்டிய ஆலையின் பெயர், உருட்டிய ஆண்டு. ஒவ்வொரு தண்டவாளமும் தன் பிறப்புச் சான்றிதழை உடம்பிலேயே சுமந்துகொண்டுதான் ஊர் ஊராகப் போகிறது.

இருபது இருபத்தைந்து வருடத்துக்கு முன்புவரை இந்தச் செங்கல்பட்டுப் பாதையில் மீட்டர் கேஜ் ஓடியது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. மலாயாவிலும் அதே ஒரு மீட்டர்தான். சயாமிலும் பர்மாவிலும் அதேதான். ஒரு நாட்டின் தண்டவாளத்தையும் எஞ்சினையும் பெட்டியையும் பிடுங்கி இன்னொரு நாட்டில் அப்படியே ஓட்டலாம். அந்த வசதியின் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

மலாயாவின் கிழக்கே, கெமாஸிலிருந்து வடக்கே தும்பாட் வரை, காட்டையும் ஆற்றையும் தாண்டிப் போகும் ஒரு பாதை 1931-இல் முழுதாகத் திறக்கப்பட்டது. அந்தக் கால மலாயாவில் ரயில்பாதை, சாலை, ரப்பர் தோட்டம் என்று எந்த மண்வேலையை எடுத்தாலும் அதில் தமிழ்க் கூலிகளின் கை இருந்தது. செங்கல்பட்டு, வட ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் திரட்டிக்கொண்டு போன ஜனங்கள். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் டிப்போவில் தங்கவைத்து, கப்பலேற்றி, பினாங்கில் இறக்கினார்கள். 1938-இல் இந்திய அரசு கூலிகள் போவதைத் தடுத்தபோது, ஏற்கெனவே போனவர்கள் லட்சக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டிருந்தார்கள்.

1941 டிசம்பர் 8. ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. பர்மாவில் சண்டையிடும் படைக்கு அரிசியும் குண்டும் கடல் வழியாக அனுப்புவது ஜப்பானுக்கு ஆபத்தாக இருந்தது. நேச நாட்டு நீர்மூழ்கிகள் கப்பல்களைத் தாக்கிக்கொண்டிருந்தன. அதனால் சயாமின் பான் போங் அருகிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை, மலையையும் மழைக்காட்டையும் கிழித்து 415 கிலோமீட்டர் பாதை போட முடிவு செய்தார்கள். அடியில் போடும் கட்டை அங்கேயே காட்டில் கிடைக்கும். தண்டவாளத்துக்கு எங்கே போவது? பிடித்த நாடுகளில் கிடந்ததைப் பிடுங்கினார்கள். கிழக்கு மலாயாப் பாதையில் மெந்தகாப்பிலிருந்து குவாலா கிரிஸ் வரையிலான நீண்ட பகுதி அப்படித்தான் காணாமல் போனது. மூட்டுப் பட்டையின் போல்ட்டைக் கழற்றி, கட்டையில் அறைந்த ஆணியைக் கடப்பாரையால் நெம்பி, ஆள்கள் வரிசையாக நின்று தூக்க வேண்டும். ஒரு மீட்டர் நீளமே முப்பது நாற்பது கிலோ. தடதடவென்று ரயில் போன இடத்தில் கட்டையின் தடம் மட்டும் மிஞ்சியது. காடு மீதியை மூடிக்கொண்டது.

வடக்கே போன தண்டவாளத்தின் பின்னாலேயே மனிதர்களும் போனார்கள். போரால் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் பால் வெட்டும் வேலை இல்லை, குடியிருப்பு லயங்களில் அரிசி இல்லை. நாளுக்கு ஒரு டாலர் கூலி, மூன்று மாத வேலை, சாப்பாடு உண்டு என்றார்கள். டாலர் என்றால் ஜப்பான் அச்சடித்த நோட்டு. முதலில் நம்பிப் போனவர்கள் திரும்பவில்லை. அடுத்து ஆள் கிடைக்காதபோது தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று தோட்ட எழுத்தர்களான கிராணிகளிடம் கணக்குக் கேட்டார்கள். லாரியில் வந்து பிடித்தார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தி, உள்ளே இருந்தவர்களை அப்படியே ஏற்றிக்கொண்டு போன கதையை மலேசியத் தமிழர்கள் இன்றும் சொல்வார்கள். காற்று நுழையாத சரக்குப் பெட்டிகளில் நாள்கணக்கில் பயணம். பான் போங்கில் இறக்கிவிட்டு, அங்கிருந்து சேற்றில் நடை. சிலர் மனைவி, பிள்ளைகளோடு போயிருந்தார்கள்.

1943-இன் மழைக்காலத்தை நினைக்கவே கூசுகிறது. அத்தாப்பு ஓலைக் கொட்டகைகள் ஒழுகின. கழிப்பிடக் குழிகள் நிரம்பி வழிந்து ஆற்றில் கலந்தன. அந்த ஆற்று நீரைத்தான் குடித்தார்கள். வாந்திபேதி வந்தது. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் ஏற்கெனவே இருந்தன. அதே பாதையில் வேலை வாங்கப்பட்ட வெள்ளைக்காரப் போர்க் கைதிகளின் முகாமில் மருந்து இல்லாவிட்டாலும் பட்டாளத்து மருத்துவர்கள் இருந்தார்கள். நீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லவும், நோயாளியைத் தனியே படுக்கவைக்கவும், இறந்தவனின் பெயரை எழுதி வைக்கவும் ஓர் ஒழுங்கு இருந்தது. அந்தத் தாள்களை உயிரைப் பணயம் வைத்து மறைத்துக் காப்பாற்றினார்கள். தோட்டத்துத் தமிழனுக்கு அநேகமாக மருத்துவரும் இல்லை, பெயர் எழுத ஆளும் இல்லை. ஒரே குழியில் பலரைப் போட்டு மூடினார்கள். குழி வெட்டியவனே மறுநாள் குழிக்குள் போனான்.

1943 அக்டோபர் 17-இல், கொன்குய்தா என்ற இடத்தில் இரண்டு முனையிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் சேர்ந்தன. அந்தப் பாதையில் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், சீனர், ஜாவாக்காரர் என்று ஆசியத் தொழிலாளர்களில் சுமார் 90,000 பேர் இறந்ததாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். முதல் எண்ணைப் பெயர்ப் பட்டியல் போட்டு எண்ணியிருக்கிறார்கள். இரண்டாவது குத்துமதிப்பு. ஆயிரக்கணக்கில் கூட்டியும் குறைத்தும் சொல்லக்கூடிய எண் அது. எனக்குத் தாங்க முடியாதது அந்த 'சுமார்' தான்.

போர் முடிந்தது. பாதை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. எல்லையருகே கொஞ்சத்தைப் பெயர்த்தார்கள். சயாம் பக்கத்துப் பகுதியை 1946-இல் 12,50,000 பவுண்டுக்கு அந்த நாட்டுக்கே விற்றார்கள். ஜப்பான் யார் யாருடைய ரயில்வேச் சொத்தைக் கொண்டுபோனதோ, அவர்களுக்கு ஈடுகட்ட அந்தப் பணம் போனது. தண்டவாளம், பெட்டி, எஞ்சின் எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. கணக்கு இருந்ததால் கேட்கவும் முடிந்தது. சொந்தத் தண்டவாளத்தோடு போன தன் தொழிலாளிக்காக மலாயா எந்தப் பட்டியலை நீட்டியிருக்க முடியும்?

சயாம், அதாவது தாய்லாந்து அரசு, நாம் தோக் வரை பாதையைச் சீர்செய்து 1958-இல் ஓட்டத் தொடங்கியது. இப்போதும் ரயில் போகிறது. அந்தப் பாதையிலுள்ள காஞ்சனபுரிப் பாலத்தின் வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்தவை. குண்டில் விழுந்தவற்றுக்குப் பதில் நேர்ச்சட்டங்களைப் போரின் ஈடாக ஜப்பான் செய்து கொடுத்தது. பாலத்துக்கும் நட்டஈடு கிடைத்துவிட்டது.

ஊருக்குள், கைதிகளுக்கான காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் 6,982 பேர், வெட்டிச் சீராக்கிய புல்வெளியில் படுத்திருக்கிறார்கள். அதே ஊரில் 1990-இல் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது குவியல் குவியலாக எலும்பு வந்தது. தொழிலாளர்களுடையவை என்றார்கள். யாருடையவை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இந்தச் சாவுகளைப் பற்றி ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று ஒரு நாவலே எழுதினார். 2023 மே மாதம் அங்குள்ள புத்த விகாரை ஒன்றில் தமிழர்களுக்காக ஒரு நடுகல் நட்டார்கள். தமிழ்நாடு அரசும் பணம் கொடுத்தது. சண்டையில் விழுந்தவனுக்கு நம் முன்னோர் நட்ட கல்லை, மண் வெட்டப் போனவனுக்கு எண்பது வருடம் கழித்து நட்டிருக்கிறோம்.

மலாயாவில் மெந்தகாப்புக்கு அப்பாலும் பாதையை மறுபடி போட்டுவிட்டார்கள். தோட்டங்களில் காத்திருந்த பெண்களுக்கு மட்டும் எந்த ஓலையும் வரவில்லை. பொட்டை அழிப்பதா, வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் வருடங்கள் ஓடின. இறந்த நாள் தெரிந்தால்தானே திதி கொடுக்க முடியும்? நாள் தெரியாதவர்களுக்கென்று நம்மிடம் மகாளய அமாவாசை இருக்கிறது. அன்று விடியற்காலையில் கடற்கரைக்குப் போய், தெற்கே பார்த்து நின்று, எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள்.