வேடியப்பனும் சர்வேக்கல்லும்

பாரம்பர்யத்தைக் காப்பது என்றால் முன்பிருந்ததை மாறாமல் வைத்துக்கொள்வது என்ற எண்ணம் நம் விமர்சனத்தில் ஊறிப்போயிருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து நடுகற்கள் சொல்வது வேறு.

ஆநிரை கவர்ந்தோ மீட்டோ செத்தவனுக்கு ஊர் நட்ட கல் இது. எல்லைக்கு அந்தப்புறம் வீரகல்லு. பல்லவர் காலத்துக் கற்களில் வட்டெழுத்தில் அவன் பெயர், அரசனின் ஆட்சியாண்டு, எந்தத் தொறுவுக்காக விழுந்தான் என்பது உண்டு. செங்கம் பக்கம் எடுத்தனூரில், கள்வரைக் கடித்துவிட்டுக் காவல் நின்ற நாய்க்கும் பெயர் இருக்கிறது: கோவிவன். பிறகு வட்டெழுத்து வழக்கொழிந்தது. படிக்க ஆளில்லை. ஊர் கல்லைக் கைவிடவில்லை. வேடியப்பன் என்று பெயரிட்டுப் பொங்கல் வைத்தது. பெயர் போயிற்று; பட்ட கடன் நினைவிலிருந்தது.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் கம்பெனியிடம் வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவர் கீழ் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து ரயத்துவாரியை இங்கே சோதித்துப் பார்த்தார்கள். 1799இல் திப்பு விழுந்ததும் ஓசூரும் சேர்ந்தது. பின்னால் சர்வே இலாகா வயல் மூலைகளில் தன் கல்லை நட்டது. ஒரு கல் இங்கே யார் விழுந்தான் என்கிறது. மற்றது இங்கே யார் வரி கட்டவேண்டும் என்கிறது.

அந்த ஆட்சி கல்வெட்டும் படித்தது. ஆனால் கவனமெல்லாம் பெரும்பாலும் கோயில், அரசன், தானம். 1970களில் நாகசாமி தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறைதான் நடுகற்களை முறையாகத் தேடிப் படித்தது.

காகசஸ் மலைகளில் கல் கோபுரங்கள் எழுப்பிய இங்குஷ் மக்களை ஜாரின் ஆட்சி அடக்கியது. 1944இல் ஸ்டாலின் மொத்த ஜனத்தையும் மத்திய ஆசியாவுக்கு நாடு கடத்தினார். 1957இல்தான் திரும்ப வழி பிறந்தது. அங்கே ஜனத்தைக் கல்லிலிருந்து பிரித்தார்கள். நாம் கல்லை ஜனத்திடமிருந்து பிரிக்கிறோம். மியூசியத்துக்குப் போன நடுகல்லுக்குப் பெயர் திரும்பக் கிடைக்கிறது, பொங்கல் நின்றுபோகிறது. வயலோரத்துக் கல்லுக்குப் பொங்கல் உண்டு, பெயர் இல்லை.

ஓசூரில் தொழிற்பேட்டைகளுக்கு நிலம் கைமாறும்போது மியூசியமே கதி என்று சொல்லத் தோன்றும். சில கற்களுக்கு அது உண்மைதான். ஆனால் விதியாக அதை ஏற்பதற்கில்லை. படித்ததை ஊருக்குச் சொல்லவேண்டும்; கல்லை ஊரிடம் விடவேண்டும். வேடியப்பன் என்பது அறியாமையின் பெயரல்ல. எழுத்து கைவிட்ட இடத்தில் நினைவு தானாகத் தேடிக்கொண்ட வழி அது. நாட்டார் வழக்குகளைத் தொகுக்கக் கிளம்பியிருக்கும் நாமும், எதை எங்கிருந்து பெயர்த்தெடுக்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.