ஓலை, கல், திரை: திருமுறை வந்த வழி

தில்லைத் திருக்கோயிலில் பூட்டிக் கிடந்த அறையினுள், கறையான் அரித்த நிலையில் தேவார ஏடுகள் கண்டெடுக்கப்பட்ட வரலாற்றை அன்பர்கள் அறிவர். நம்பியாண்டார் நம்பியின் துணைகொண்டு சோழ மன்னர் ஒருவர் அவற்றை மீட்டதாகத் திருமுறை கண்ட புராணம் கூறும். அம்மன்னர் முதலாம் இராசராசர் என்பது பலரும் ஏற்ற கருத்தாகும். அழிந்தவை போக எஞ்சியவையே இன்று ஓதப்பெறும் ஏறத்தாழ 800 பதிகங்கள்.

அப்புராணம் உரைக்கும் மற்றொரு செய்தி அத்துணை பேசப்படுவதில்லை. எழுத்துக் கிடைத்த பின்னரும் பண் கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரைக் கொண்டே பண்முறை வகுக்கப்பெற்றது. ஏடு காத்தது சொல்லை மட்டுமே; இசையைக் காத்தது ஒரு குடும்பத்தின் குரல்.

இதனை இராசராசர் நன்கு உணர்ந்திருந்தார் எனலாம். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் திருப்பதியம் விண்ணப்பிக்க 48 பிடாரர்களையும், உடுக்கை, கொட்டிமத்தளம் வாசிக்க இருவரையும் நியமித்து, ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்க ஆணையிட்டதை அக்கோயில் கல்வெட்டு காட்டுகிறது. ஓதுபவர் இறந்தாலோ ஊரை விட்டு அகன்றாலோ அவருடைய உறவினர் அவ்விடத்தில் ஓத வேண்டும். உறவினர்க்குத் தகுதியில்லையெனில் தகுதியுடைய வேறொருவரை அமர்த்த வேண்டும் என்ற விதியும் அதில் உண்டு.

ஏட்டில் விடுபட்டதைக் கல் காத்ததும் உண்டு. திருஞானசம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம் அவ்வூர்க் கோயிற் கல்வெட்டிலிருந்தே இருபதாம் நூற்றாண்டில் கிடைத்தது. இடையே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்ற பெரியோரால் சைவ நூல்கள் அச்சேறி வீடுதோறும் புகுந்தன.

அடுத்த மாற்றத்தில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் சிறப்பான பங்குண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980-களிலேயே கணினிக்கான முரசு மென்பொருளைத் தொடங்கினார். 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது அவற்றில் தமிழ் எழுத்துத் தெரிய வழி செய்தவர் நா. கோவிந்தசாமி. 1997-இல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் நடைபெற்றது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழியாகத் திருமுறைகளும் திரைக்கு வந்தன. ஓதுவார்களின் ஒலிப்பதிவும், தமிழ் படிக்கத் தெரியாத இளையோர்க்கு உரோமன் எழுத்தில் பாடமும் பின்னர் இணையத்தில் இடம்பெற்றன. வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்த பிள்ளை, பாட்டி பாடிய பதிகத்தைத் தேடிக் கண்டடைவது இன்று எளிது. இது சிறு பேறன்று.

ஆயினும் திரையின் எல்லை பெருந்தொற்றுக் காலத்தில் வெளிப்பட்டது. 2020 மார்ச் 18 முதல் மலேசியாவிலும், ஏப்ரல் 7 முதல் சிங்கப்பூரிலும் நடமாட்டம் முடங்கியது; திருக்கோயில்களில் பக்தர்கள் கூட இயலவில்லை. பூசைகள் நேரலையாக வந்தன. கைப்பேசியின் முன் விளக்கேற்றித் தொழுத குடும்பங்கள் பல. முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் அதுவே பேராறுதலாயிற்று. கூட்டு வழிபாட்டை மட்டும் திரையில் நடத்த முடியவில்லை. ஒருவர் குரல் மற்றொருவரை அடைவதற்குள் நொடி பிந்துவதால் தாளம் சிதறியது. ஒருவர் பாட, ஏனையோர் ஒலியை அடைத்துவிட்டு அவரவர் வீட்டில் தனித்தே பாட நேர்ந்தது. பல ஆண்டு பண் பயின்றோரும் இதற்கு விலக்கல்லர்.

2023 பிப்ரவரி 5 அன்று, இரண்டு தைப்பூசங்களுக்குப் பின், சிங்கப்பூர் ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் மீண்டும் நடந்தன. கூட்டுப் பாட்டும் திரும்பியது. திரும்பாதது ஒன்றுண்டு. இவ்விரு நாடுகளிலும் பல கோயில்களில் ஓதுவார்கள் தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களே. ஒப்பந்தம் முடிந்து அவர் ஊர் திரும்பினால், அடுத்தவர் வரும்வரை அவ்விடத்தில் நின்று பாடத் தகுதியுடைய உள்ளூரார் அரியர். அந்நாள்களில் சன்னிதியில் ஒலிப்பதிவே ஒலிக்கிறது.