பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

மதர்போர்டிலேயே பதிந்து வரும் நெட்வொர்க் அடாப்டர் மக்கர் பண்ணினால் நாம் செய்கிற காரியங்களுக்கு ஒரு வரிசை உண்டு. கேபிளைப் பிடுங்கித் திரும்பச் சொருகுவோம். ரவுட்டரில் வேறு போர்ட்டில் மாட்டிப் பார்ப்போம். பச்சை விளக்கு எரிகிறதா என்று பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்ப்போம். டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போடுவோம். எதற்கும் மசியவில்லை என்றால் 'போர்டு போச்சு' என்று தீர்ப்பு எழுதிவிட்டு, தனியாக ஒரு கார்டு வாங்கிச் சொருகிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அநேக நேரம் இது போதும். இந்த வரிசைக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: வலி எங்கே தெரிகிறதோ, நோயும் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

2008இல் இந்த நம்பிக்கை, உலகின் மிகத் திறமையான சில புரோகிராமர்களை ஏறத்தாழ ஒரு மாதம் சுற்றலில் விட்டது.

லினக்ஸ் கெர்னலின் 2.6.27 பதிப்பு அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. இறுதி வடிவத்துக்கு முன்னால் சோதனைப் பதிப்புகள் வரிசையாக வரும். ஓப்பன்சூசே, உபுண்டு, மாண்ட்ரிவா போன்ற விநியோகங்களும் தங்கள் அடுத்த வெளியீட்டின் முன்னோட்டத்தில் அதைச் சேர்த்திருந்தன. இதையெல்லாம் சொந்தக் கணினியில் போட்டுப் பார்ப்பவர்களில் நிறையப் பேர் தன்னார்வலர்கள். சம்பளம் கிடையாது. 'போட்டுப் பாருங்க, உடைஞ்சா சொல்லுங்க' என்பதுதான் ஒப்பந்தம். உடைவது மென்பொருளாக இருக்கும் என்பது அதில் எழுதப்படாத ஷரத்து.

செப்டம்பரில் அந்த ஷரத்து மீறப்பட்டது. சோதனைப் பதிப்பை ஓட்டிய சிலருடைய கணினிகளில், இன்டெல்லின் ஆன்போர்டு நெட்வொர்க் திடீரென்று செத்துப்போனது. ரீபூட் பண்ணினாலும் வரவில்லை. பழைய கெர்னலுக்குத் திரும்பினாலும் வரவில்லை. பயமுறுத்தியது இதுதான். கோளாறு மென்பொருளில் என்றால், பழைய மென்பொருளுக்குப் போனதும் எல்லாம் சரியாகிவிட வேண்டும். இங்கே மென்பொருள் போய்விட்டது. காயம் மட்டும் தங்கிவிட்டது.

அடாப்டருக்கு என்ன ஆனது? மின்சாரம் போனாலும் அழியாத ஒரு சின்ன சேமிப்பு அதற்கு உண்டு. பல போர்டுகளில் அது பயாஸ் குடியிருக்கும் அதே ஃப்ளாஷ் சிப்பின் ஒரு மூலை. அடாப்டரின் 48 பிட் மேக் முகவரி, அது எப்படி இயங்க வேண்டும் என்ற அமைப்புகள் எல்லாம் அங்கேதான். அது கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க இன்டெல் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறது. முதல் 64 சொற்களை, ஒவ்வொன்றும் 16 பிட், கூட்டினால் 47802 வர வேண்டும். ஹெக்ஸாடெசிமலில் எழுதினால் அந்த எண் 'பாபா' என்று வரும். ரஜினி படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பொறியாளர்கள் எண்களோடு இப்படித்தான் விளையாடுவார்கள். கூட்டுத்தொகை தப்பினால் டிரைவர் 'செக்சம் செல்லாது' என்று சொல்லிக் கையை விரித்துவிடும்.

பாதிக்கப்பட்ட கணினிகளில் அதுதான் நடந்திருந்தது. யாரோ அந்த மூலைக்குள் போய் எதையோ கிறுக்கியிருந்தார்கள். அந்தச் சேமிப்பை முன்கூட்டியே நகல் எடுத்து வைத்திருந்தவர்கள் அதைத் திரும்ப எழுதிப் பிழைக்க வழி இருந்தது. மற்றவர்களுக்கு அடாப்டர் செங்கல்தான். யார் கிறுக்கியது?

முதல் சந்தேகம், இயல்பாகவே, அந்த அடாப்டரை ஓட்டும் டிரைவர் மேல் விழுந்தது. அதன் பெயர் ஈ1000ஈ. பக் பதிவுகளும் செய்திகளும் அந்தப் பெயரிலேயே வந்தன. அந்தச் சேமிப்பைத் தொட உரிமை உள்ளவன் அவன் ஒருவன்தானே, வேறு யார் மேல் சந்தேகம் வரும்? அடுத்து, திரையை ஓட்டும் கிராபிக்ஸ் பகுதி மேலும் கண் விழுந்தது. உபுண்டு தன் சோதனைப் பதிப்பில் ஈ1000ஈ டிரைவர் ஓடவே கூடாது என்று தடுத்துவைத்தது. நெட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அடாப்டராவது பிழைக்கட்டும் என்ற கணக்கு.

கெர்னல் உலகில் இப்படிப்பட்ட நேரத்துக்கு ஒரு கைக்கருவி உண்டு: பைசெக்ட். நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான மாற்றங்கள் இருந்தாலும், நடுவில் ஒன்றை எடுத்து ஓட்டிப் பார்த்து, பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே வந்தால் பத்துப் பதினைந்து சுற்றுகளில் குற்றவாளியைப் பிடித்துவிடலாம். ஆனால் இங்கே ஒவ்வொரு முறை 'ஆம், இந்தப் பதிப்பு கெட்டது' என்ற விடை கிடைக்கும்போதும் ஓர் அடாப்டர் போய்விடும். உண்மை தெரிந்துகொள்ளக் கட்டணம், ஒரு சுற்றுக்கு ஒரு பலி. போதாததற்கு, கோளாறு எல்லா முறையும் வருவதில்லை. 'நல்லது' என்ற விடையையும் நம்ப முடியாது.

ஒருவழியாக விரல் போய் நின்ற இடம், நெட்வொர்க்குக்கும் கிராபிக்ஸுக்கும் கொஞ்சம்கூட சம்பந்தமில்லாத ஒன்று. ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதி, அதே 2.6.27இல் புதிதாகச் சேர்ந்திருந்த ஃப்டிரேஸ் என்ற கருவி. கெர்னலுக்குள் எந்த ஃபங்ஷன் எப்போது ஓடுகிறது என்று பார்க்க உதவுவது. அதாவது, பிறருடைய கோளாறைக் கண்டுபிடிப்பதற்காகவே எழுதப்பட்ட கருவி.

அது வேலை செய்த விதம் இது. கம்பைலரிடம் சொல்லி, ஒவ்வொரு ஃபங்ஷனின் வாசலிலும் 'எம்கவுன்ட்' என்றொரு சின்ன அழைப்பைப் பொருத்திவிடுவார்கள். எல்லா வாசலிலும் அது எப்போதும் இருந்தால் கெர்னல் மந்தமாகிவிடும். அதனால் ஃபங்ஷன் முதல்முறை ஓடும்போது அதன் முகவரியைக் குறித்துக்கொண்டு, பின்னணியில் நொடிக்கொருமுறை விழிக்கும் ஒரு வேலையாள் வந்து, குறித்த முகவரிகளில் எல்லாம் அந்த அழைப்பை அழித்து, 'ஒன்றும் செய்யாதே' என்ற கட்டளையை எழுதிவிட்டுப் போவான். அருமையான ஏற்பாடு.

சிக்கல், சில ஃபங்ஷன்கள் நிரந்தரக் குடியிருப்பாளர்கள் அல்ல என்பதில். ஒரு டிரைவர் கெர்னலில் ஏறும்போது தொடக்க வேலைகளுக்கென்று சில ஃபங்ஷன்கள் ஒரே ஒருமுறை ஓடும். வேலை முடிந்ததும் அவை இருந்த மெமரி விடுவிக்கப்படும். வீடு காலி. ஆனால் வேலையாளின் நோட்டில் முகவரி அப்படியே இருக்கிறது. அந்தக் காலி வீட்டுக்கு அடுத்து யார் குடிவருவார்கள் என்பது தற்செயல். அப்படி வந்த ஒரு குடித்தனம், ஈ1000ஈ டிரைவர் தன் ஃப்ளாஷ் சேமிப்பை அணுகுவதற்காக வாங்கிய முகவரி வரம்பு.

வேலையாள் நோட்டோடு வந்தான். அவனும் கண்மூடித்தனமாக எழுதுகிறவன் இல்லை. 'இங்கே நான் எதிர்பார்ப்பது இருந்தால் மட்டும் மாற்று' என்ற கம்பேர்-அண்ட்-எக்ஸ்சேஞ்ச் கட்டளையைத்தான் பயன்படுத்தினான். சரிபார்த்துவிட்டுத்தானே எழுதுகிறோம், இதைவிடப் பாதுகாப்பு என்ன வேண்டும்? ஆனால் எக்ஸ்86 புராசஸரில் அந்தக் கட்டளைக்கு ஒரு குணம் உண்டு: ஒப்பீடு தோற்றாலும் அது எழுதும். படித்த பழைய மதிப்பையே திரும்ப அதே இடத்தில் வைக்கும். சாதாரண மெமரியில் இதனால் எந்தத் தீங்கும் இல்லை, இருந்ததே இருக்கும். ஆனால் அந்த முகவரிக்குப் பின்னால் இருந்தது மெமரி அல்ல, ஒரு சாதனம். சாதனத்தின் ரெஜிஸ்டரில் எதை எழுதினாலும் அது ஒரு கட்டளை. 'அழி' என்றோ 'எழுது' என்றோ அதற்குக் கேட்டிருக்கும். கேட்டதைச் செய்தது.

ஆக, ஈ1000ஈ டிரைவர் குற்றவாளி அல்ல. பலியானவன். அவன் வீட்டுக்குள் இன்னொருவன் பழைய முகவரியோடு நுழைந்திருக்கிறான். ஊரோ வீட்டுக்காரனைப் பிடித்து விசாரித்துக்கொண்டிருந்தது.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது தீர்வு வந்த வரிசை. 2.6.27 இறுதிப் பதிப்பு 2008 அக்டோபர் 9 அன்று வெளியானபோது உண்மையான காரணம் இன்னும் பிடிபட்டிருக்கவில்லை. ஆனால் இன்டெல் பொறியாளர்கள் அதற்குள் ஒரு பூட்டுப் போட்டிருந்தார்கள். யார் எழுதினாலும் எழுத முடியாதபடி அந்தச் சேமிப்பைப் பாதுகாக்கும் மாற்றம். 'நாங்க செய்யல, எங்களுக்கு என்ன' என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. ஆறு நாள் கழித்து, அக்டோபர் 15 அன்று, 2.6.27.1 வந்தது, அதில் ஃப்டிரேஸின் அந்தப் பகுதி அணைக்கப்பட்டது. ரோஸ்டெட் மழுப்பாமல் நடந்ததைப் படிப்படியாக எல்லோருக்கும் விளக்கினார். பிறகு கருவியையே மாற்றினார். முகவரிகள் ஓடும்போது குறிக்கப்படாமல், கம்பைல் செய்யும்போதே பட்டியலிடப்பட்டன. ஒருமுறை மட்டும் ஓடும் தொடக்க ஃபங்ஷன்கள் கணக்கிலிருந்து விலக்கப்பட்டன. எழுதுவதற்கு முன் படித்துப் பார்த்து, எதிர்பாராதது எதையாவது கண்டால் கருவி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்படி செய்யப்பட்டது.

பலியானவன் வீட்டுக்குப் பூட்டுப் போட்டான். நுழைந்தவன் தன் பழக்கத்தை மாற்றினான். இரண்டும் தேவைப்பட்டன. முதலாவது மட்டும் நடந்திருந்தால், அந்த வேலையாள் நோட்டோடு வேறு தெருவுக்குப் போயிருப்பான். அங்கே எந்தச் சாதனம் குடியிருக்கும், யாருக்குத் தெரியும்?

'போர்டு போச்சு' என்று நாம் எழுதும் தீர்ப்புகளைத் தப்பு என்று சொல்லவில்லை. நாளைக்கு வேலை இருக்கிறவன் கார்டு வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அது நிவாரணம். விசாரணை என்பது வேறு. வலி தெரிந்த இடத்தைத் தாண்டி, 'இந்த முகவரி இதற்கு முன் யாருடையது' என்று கேட்பது. 2008இல் அதைக் கேட்க அடாப்டர்கள் பலியாக வேண்டியிருந்தது. இத்தனைக்குப் பிறகும் அந்தக் கோளாறைக் கெர்னல் உலகம் இன்றுவரை 'ஈ1000ஈ பக்' என்றுதான் சொல்கிறது.